மில்லரின் யுக்தி

ஒதியம்பட்டுச் சாலையில் மோட்டார் கார் போகக் கண்டால், அதன் புகைக்குழாய் வழியே எவ்வளவு உஷ்ணம் வீணாகிறதென்று நாம் எண்ணுவதில்லை. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் காற்றை அமுக்கும் அளவும், எரிந்த வாயு விரியும் அளவும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே வாயு முழுதும் உழைக்குமுன்பே வெளியேறிவிடுகிறது.

1957-இல் அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பெற்ற ரால்ப் மில்லரின் முறையில், காற்று புகும் வால்வைப் பிந்தியோ முந்தியோ மூடி, அடைபடும் காற்றைக் குறைக்கிறார்கள். அமுக்கம் சுருங்குகிறது, விரிவோ முழுதாய் நிற்கிறது. பெட்ரோல் மிச்சம்! காற்று குறைந்தால் சக்தியும் குறையுமே என்பீர்கள். அதை ஈடுசெய்யவே காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர்.

2011-இல் நம் ஒரகடத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய ஒருவகை நிஸ்ஸான் மைக்ரா காரில் அத்தகைய மூன்று சிலிண்டர் எஞ்சின் இருந்தது. கார் உருவானது தமிழ் மண்ணில், கருத்தோ அயலாருடையது. அடுத்த யுக்தியேனும் நம் பிள்ளைகளின் மூளையில் உதிக்க வேண்டாமா?