தாயே பேச்சாசிரியை

குழந்தை பேசக் கற்பது பெரும்பாலும் செவியின் வழியாகவே ஆகும். தாய் ஒரு சொல்லைப் பன்முறை சொல்லக் கேட்ட பின்னரே மகவு அதனை ஒருமுறை சொல்லத் துணிகின்றது. ஆதலின் செவிப்புலனின்றிப் பிறந்த குழந்தை, நாவிலும் மிடற்றிலும் யாதொரு குறையும் இல்லாதிருந்தும், பேச்சின்றி நின்றுவிடக் கூடும். இத்துன்பத்தைத் தம் இல்லத்திற் கண்ட தாய் ஒருவர் பிறர் மக்களுக்கும் உதவ முன்வந்த வரலாற்றை ஈண்டுக் கூறுவாம்.

அமெரிக்க நாட்டு லூயிஸ் திரேஸி அம்மையார் நாடக நடிகையாய் விளங்கியவர். திரைப்பட நடிகர் ஸ்பென்ஸர் திரேஸியின் மனைவியார். 1924-ஆம் ஆண்டில் இவர்களுக்கு ஜான் என்னும் ஆண்மகவு பிறந்தது. அதற்குப் பத்து மாதமானபோது, ஒருநாள் அது உறங்குகையில் கதவொன்று பேரோசையுடன் சாத்திக்கொண்டது. குழந்தை அசையவில்லை. தாய் பெயர் சொல்லி அழைத்தார், அப்போதும் விழிக்கவில்லை. மகன் செவிடன் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதனைத் தீர்க்கும் மருந்தும் அந்நாளில் இல்லை.

அம்மையார் உதட்டசைவு கண்டு பேச்சறியும் முறையைத் தாம் கற்று, மகனுக்கு வீட்டிலேயே கற்பிக்கலானார். இது எளிய வித்தையன்று. ‘மாடு’, ‘பாடு’ என்னும் இரண்டு சொற்களையும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்ப்போர்க்கு இதன் அருமை விளங்கும். உதடுகள் இரண்டிற்கும் ஒருபடியாகவே குவிந்து திறக்கின்றன. ஆகவே ஆசிரியர் குழந்தையின் கையைத் தம் மூக்கின்மேல் வைத்து, மகர ஒலியில் எழும் அதிர்ச்சியை உணர்த்துவர். செவிக்குரிய வேலையைக் கண்ணும் கையும் பகிர்ந்துகொள்ளுமாறு செய்தலே இம்முறையின் உட்பொருள்.

1942-ஆம் ஆண்டில் அம்மையார் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மகன் பெயரால் ஒரு நிலையம் கண்டார். பெற்றோர்க்குப் பயிற்சியளித்தல் அதன் முதற்கடனாயிருந்தது. பொருள் ஏதும் பெற்றிலர். 1943 முதல் தொலைவிலுள்ளோர்க்குத் தபால் வழியாகவும் பாடங்கள் சென்றன. ஆசிரியர் குழந்தையுடன் இருப்பது சிறிது நேரமே. குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், உறங்கவைத்தல் ஆகிய வேளைகளெல்லாம் பெற்றோருடையன அல்லவோ? மொழி வளர்வதும் அவ்வேளைகளிலேயே. அம்மையார் 1983-இல் மறைந்தார்.

குறையுள்ள குழந்தையை வளர்த்த பெற்றோர் இத்தொழிலை மேற்கொள்வதில் ஒரு சிறப்புண்டு. ‘இஃது என் குற்றமோ?’ என்று வெளியிற் கேளாது உள்ளத்தே வருந்தும் தாயை அவர் கண்டவளவில் அறிவர். ஆயினும் அன்பு ஒன்றே போதாது. தம் மகவுக்கு உதவிய முறை பிறர் மகவுக்கு உதவாமற் போகலாம். திக்குவாய், அண்ணப்பிளவு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் ஆகிய ஒவ்வொன்றிற்கும் சிகிச்சை வெவ்வேறாம். ஆதலின் உடற்கூறு, ஒலியியல், குழந்தை உளவியல் முதலியவற்றை முறையாகக் கற்றல் வேண்டும். நம் நாட்டில் இதற்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு உளது. 1965-இல் மைசூரில் நிறுவப்பெற்ற அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிலையம் இத்துறையிற் பெயர்பெற்றது.

பேச்சு ஒன்றே மொழியன்று என்பதையும் மறத்தலாகாது. சைகைமொழியும் இலக்கணம் உடைய முழுமொழியே. எவ்வழியாயினும் காலம் தாழ்த்தாமையே முதன்மையானது. பிறந்த ஒரு மாதத்துள் செவிச்சோதனை, 3 மாதத்துள் நோய்த்தெளிவு, 6 மாதத்துள் பயிற்சித் தொடக்கம் என்பதே இற்றை நாள் அறிஞர் கொண்ட நெறி.

கல்லூரி மாணவ மாணவியர்காள்! நும் சுற்றத்தில் ஒரு குழந்தை ஓசைக்குத் திரும்பிப் பாராதிருப்பின், ‘நாளடைவிற் சரியாகும்’ என்று வாளாவிராது, உடனே சோதிக்கச் சொல்லுங்கள். அன்று அத்தாய் கதவோசையைப் பொருட்படுத்தாதிருந்தால் எத்தனை மாதங்கள் வீணாகியிருக்கும்!