வாத்துக்கும் ஒரு சான்ஸ்!

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக் கொள்ளுங்கள். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம், ராச்செஸ்டர் நகரத்துக்கு வெளியே அறுவடை முடிந்த ஒரு மக்காச்சோள வயல். காலை ஆறு மணி. கும்மிருட்டு. குளிர் எலும்பு வரைக்கும் போய்க் குசலம் விசாரிக்கிறது. போர்வைக்குள் சுருண்டு கிடக்க வேண்டிய ஒரு மனிதர், மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டிக் வாத்துகளைச் சுமந்து வந்து வயலில் நட்டுக் கொண்டிருக்கிறார்.

பைத்தியமா? இல்லை சார். திங்கட்கிழமை ஆனால் நம்மைப் போல டிபன் பாக்ஸோடு ஆபீஸ் போகிறவர்தான். இன்று வேட்டைக்கு வந்திருக்கிறார். கையில் துப்பாக்கி கிடையாது. வில்!

அவர் குறி வைப்பது கனடா கூஸ். நம்ம ஊர் வாத்துக்குப் பெரியண்ணன். கறுப்புக் கழுத்து, கன்னத்தில் வெள்ளைப் பட்டை. இதில் பெரிய ஜாதி 5 கிலோவைத் தாண்டும். சிறகை விரித்தால் ஐந்தடிக்கு மேல். அந்தப் பெரிய ஜாதி பூண்டோடு அழிந்தே போய்விட்டது என்று பல வருஷம் நம்பிக் கொண்டிருந்தார்கள். 1962-ல் இதே ராச்செஸ்டரில்தான் ஒரு கூட்டம் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கோ, கோல்ஃப் மைதானத்தில் எச்சம் போட்டு வைக்கிறதே என்று புகார் வருகிற அளவுக்குப் பெருகிவிட்டது!

ஒரே ஒரு அம்பு

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் வரவு செலவு போட்டுப் பார்க்கிற வியாதி உண்டு. அந்தக் கணக்குப்படி வில் வேட்டை சுத்த நஷ்ட வியாபாரம்.

வாத்துச் சுடுகிற துப்பாக்கியில் ஒரு தோட்டா வெடித்தால் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னக் குண்டுகள் பூவாளித் தண்ணீர் மாதிரி விரிந்து போகும். முப்பது, நாற்பது மீட்டரில் பறவை விழும். வில்லில் கிடைப்பது ஒரே ஒரு அம்பு. பதினைந்து, இருபது மீட்டருக்குள் பறவை வந்தாக வேண்டும். அது வருகிற வரை ஆடாமல் அசையாமல் காத்திருக்க வேண்டும்.

சாமான்களும் தனி ரகம். பலர் வைத்திருப்பது காம்பவுண்ட் வில். இரண்டு முனையிலும் சக்கரம். 50 பவுண்டு வில்லை முழுசாக இழுத்து முடித்ததும் சக்கரங்கள் பாரத்தை வாங்கிக் கொள்ளும். கையில் நிற்பது 10, 15 பவுண்டுதான்.

அம்புக்கு 'ஃப்ளூ ஃப்ளூ' என்று பெயர். வாலில் பெரிய பெரிய இறகுகளைப் பறட்டைத் தலை மாதிரி வைத்திருப்பார்கள். காரணம் இருக்கிறது. ஆகாயத்தைப் பார்த்து விட்ட சாதாரண அம்பு எங்கோ போய் யார் வீட்டு மாட்டின் மேலோ இறங்கும். ஃப்ளூ ஃப்ளூ முதல் இருபது மீட்டர் ஒழுங்காகப் போய், பிறகு காற்றில் பிரேக் பிடித்துப் பக்கத்திலேயே விழுந்துவிடும்.

பொம்மை வாத்துகளுக்கு நடுவே இறங்குகிற பறவைக்கு வேறு அம்பு. அதன் முனையில் நான்கு அங்குலம் வரைக்கும் விரிந்த பிளேடு. பெயரே 'கில்லட்டின்'! கழுத்தில் பட்டால் ஒரே நொடி, படாவிட்டால் பெரும்பாலும் மொத்தமாகத் தப்பு. அந்த பிளேடு வில்லில் இடிக்காமல் இருக்க அம்பும் கொஞ்சம் நீளமாக வேண்டும்.

தடை மேல் தடை

இவ்வளவு கஷ்டப்படுகிறவரை அரசாங்கமாவது சும்மா விடுகிறதா? விடாது. கண்ணி கூடாது, வலை கூடாது, தூண்டில் முள் கூடாது, விஷம் கூடாது, மயக்க மருந்து கூடாது, ரைஃபிள் கூடாது, இயந்திரத் துப்பாக்கி கூடாது. (வில் இந்தப் பட்டியலில் இல்லை. நம்ம ஆள் பிழைத்தார்!) சூரியன் உதிக்க அரை மணி முன்பு ஆரம்பித்து, அஸ்தமனத்தோடு கடையைக் கட்ட வேண்டும். உயிருள்ள வாத்தைக் கட்டி வைத்து ஆசை காட்டக் கூடாது. டேப்பில் வாத்துக் குரல் போடக் கூடாது, வாயால்தான் ஊத வேண்டும். (பனி வாத்துகள் அளவுக்கு மீறிப் பெருகி ஆர்க்டிக் புல்லை எல்லாம் மேய்ந்து தீர்த்ததால் அதற்குத் தனிப் பருவத்தில் சலுகை.)

அறுவடையில் தானாகச் சிந்திய சோளம் வயலில் கிடக்கலாம். ஆனால் ஒரு படி சோளத்தை வெளியிலிருந்து கொண்டு வந்து இறைத்தால் குற்றம். கூட்டி அள்ளிய பிறகும் 10 நாள் அங்கே வேட்டை கூடாது. நம்ம ஊர்த் தீட்டுக் கணக்கேதான்!

'என்னய்யா இது, ரேஷன் கார்டு வாங்கக்கூட இவ்வளவு கண்டிஷன் இல்லையே' என்று தோன்றும். ஆனால் ஒரு விஷயம் யோசியுங்கள். 'இங்கே எச்சில் துப்பாதீர்கள்' என்று சுவரில் எழுதியிருந்தால் என்ன அர்த்தம்? ஏற்கெனவே ஒருத்தர் துப்பிவிட்டார் என்று அர்த்தம்!

இந்தத் தடைகளும் அப்படித்தான். படகில் பீரங்கி மாதிரித் துப்பாக்கியைப் பொருத்தி, ஒரே வெடியில் பத்து, இருபது என்று வாத்துகளை வீழ்த்தி மார்க்கெட்டில் விற்ற காலம் ஒன்று இருந்தது. வானத்தை மறைத்துப் பறந்த பாசெஞ்சர் புறா இனத்தின் கடைசிப் பறவை, மார்த்தா, 1914 செப்டம்பர் 1-ல் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்தது. அப்புறம்தான் சுறுசுறுப்பு வந்தது. 1916-ல் கனடாவுக்காக பிரிட்டனோடு ஒப்பந்தம். 1918-ல் சட்டம்.

1934-ல் இன்னொரு வேடிக்கை. வனவிலங்குத் துறைக்குத் தலைவராக ஒரு பத்திரிகை கார்ட்டூனிஸ்ட்டை உட்கார வைத்தார்கள். பெயர் 'டிங்' டார்லிங். அந்த வருஷம் வந்த முதல் வாத்து ஸ்டாம்புக்குப் படம் போட்டவரும் அவரே. விலை ஒரு டாலர். அடுத்த வருஷமே இரை போடுவது, உயிருள்ள வாத்தைக் கட்டி வைப்பது எல்லாம் ஒழிந்தது. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் நிரப்பக் கூடாது என்றும் வந்தது. சேற்றில் விழுந்த ஈயக் குண்டுகளைத் தின்று பறவைகள் சாவதைப் பார்த்து, 1991-ல் நீர்ப்பறவை வேட்டையில் நாடு முழுக்க ஈயத்துக்கும் தடை.

16 வயதான நீர்ப்பறவை வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் அந்த ஸ்டாம்ப் வாங்கியே ஆக வேண்டும். இன்று 25 டாலர். காகித ஸ்டாம்ப் என்றால் நம்ம ரெவின்யூ ஸ்டாம்ப் மாதிரி அதன் மேலேயே கையெழுத்து! டாலருக்கு 98 சென்ட் பறவைகள் தங்குகிற நிலத்துக்குப் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் பாதுகாத்திருக்கிறார்கள். கொல்ல வந்தவன் காசில் வாத்துக்கு வீடு!

சட்டத்தில் இல்லாத விதி

வயலுக்கு வருவோம். ஏழேகால் மணி. நேரம் செல்லும். தூரத்தில் 'ஹாங்க், ஹாங்க்' என்று சத்தம். கூஸ் எப்போதும் எதிர்காற்றில்தான் இறங்கும். அதை உத்தேசித்து நம்ம ஆள் பொம்மைகளை 'ப' வடிவில் வைத்து நடுவில் இடம் விட்டிருக்கிறார். கூட்டம் இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. கால்களை நீட்டி ஒன்று கீழே வருகிறது. மறைவிலிருந்து மெதுவாக நாணை இழுக்கிறார்.

பறவை இருபத்தைந்து மீட்டரில் சட்டென்று திரும்பிவிட்டது. சட்டப்படி அம்பு விடலாம். யாரும் கேட்க முடியாது.

விட்டால் என்ன ஆகும்? தப்பான இடத்தில் பட்ட அம்போடு கூஸ் பறந்து போய்விடலாம். எங்கோ நாணல் புதருக்குள் நாலு நாள் துடித்துச் சாகலாம். அடிபட்ட பறவையைத் தேடி எடுக்க முயற்சி செய்ய வேண்டும், உயிரோடு கிடைத்தால் உடனே முடித்து அன்றைய கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கிடைக்காத பறவைக்குக் கணக்கு எழுதுவது யார்? 'பறக்கிற பறவைக்கு வில்லே வேண்டாம், காயம்தான் மிச்சம்' என்று சொல்கிற வேட்டைக்காரர்களும் உண்டு. அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. வில் கஷ்டமான ஆயுதம் என்பது எய்கிறவனுக்குப் பெருமையாக இருக்கலாம். குறி தப்பினால் வலி வாத்துக்குத்தான்.

நம்ம ஆள் பெருமூச்சு விட்டு நாணைத் தளர்த்துகிறார். அதிகாரி இல்லை, சாட்சி இல்லை, அபராதம் இல்லை. புத்தகத்தில் உள்ள விதிகள் எல்லாம் நூறு வருஷத்துக்கு மேல் மனிதன் பட்ட வெட்கத்தில் எழுதினவை. அவர் இப்போது கடைப்பிடித்த இந்த ஒரு விதியை எந்த சர்க்காராலும் எழுத முடியாது. நல்ல வில்லாளியை அவன் விடாத அம்புகளை வைத்துத்தான் எண்ண வேண்டும் போலிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு வில் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்! நம்ம நெல்லைச் சீமை கூந்தன்குளத்துக்கும் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைத் தொடக்கூடக் கூடாது. லைசென்ஸ், ஸ்டாம்ப் எதுவும் செல்லாது. பைனாகுலர் எடுத்துக் கொண்டு போங்கள். மீறினால் வாத்து வெளியே பறக்கும். நீங்கள் உள்ளே!