கட்டாத வரி, கட்டிய வட்டி

20 லட்ச ரூபாய் வீட்டுக் கடனை 9 சதவீத வட்டிக்கு, 20 வருடத் தவணையில் வாங்கினால் மாதம் ஏறக்குறைய 18,000 ரூபாய் கட்ட வேண்டும். முதல் வருடம் கட்டுகிற 2,16,000 ரூபாயில் சுமார் 1,78,000 வட்டிக்கே போய்விடும். சென்னையில் 30 சதவீத வரி வரம்பில் இருக்கும் ஒருவர் இந்தக் கடனை வாங்கிப் பழைய வரி முறையில் கணக்குக் காட்டினால், அந்த வட்டியால் அவருக்கு 55,000 ரூபாய்க்கு மேல் வரி மிச்சம். ஷார்ஜாவில் ஏசி டெக்னீஷியனாக இருக்கும் அண்ணன் ஒருவர், பரமக்குடிப் பக்கம் வீடு கட்ட இதே தொகையை இதே வட்டிக்கு வாங்கியிருக்கிறார். அவருக்கு மிச்சம் ஒரு ரூபாய்கூட இல்லை.

நான் ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட். ஜூன் பிறந்தால், விடுமுறை நாட்களில் ரோலா பக்கம் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்திய வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பேன். அந்த அண்ணனும் அப்படித்தான் வந்தார்.

"தங்கச்சி, வீட்டு லோன் வட்டிக்கு வரி திரும்ப வரும்னு ரூம்ல பேசிக்கிறாங்க. எனக்கு எவ்வளவும்மா வரும்?"

"அண்ணே, சம்பளத்துக்கு நீங்க இந்தியாவுல வரியே கட்டலையே. கட்டாத வரி எப்படித் திரும்ப வரும்?"

"வட்டி கட்டிட்டுதானேம்மா இருக்கேன்."

சட்டத்தின் முன் அந்தப் பதில் நிற்காது. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

வீட்டுக் கடன் வட்டிச் சலுகை எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்க்கலாம். சொந்த வீட்டில் குடியிருப்பவர், பழைய முறையில், வருடத்துக்கு 2 லட்சம் வரை வட்டியைத் தன் வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம். 2014 வரை இந்த வரம்பு ஒன்றரை லட்சமாக இருந்தது. கழிப்பது வருமானத்திலிருந்து என்பதால், கையில் நிற்கும் பணம் அவரவர் வரி விகிதத்தைப் பொறுத்தது. நம் 1,78,000 ரூபாய் வட்டிக்கு 30 சதவீதக்காரருக்கு 55,000 நிற்கும். 20 சதவீதக்காரருக்கு 37,000. வரிக்குரிய வருமானம் 5 லட்சத்துக்குள் இருப்பவருக்கு ஏற்கனவே வரி தள்ளுபடி இருக்கிறது. வட்டி கட்டியதால் கூடுதலாக எதுவும் கிடைக்காது. கணவனும் மனைவியும் 30 சதவீத வரம்பில் இருந்து, வீடும் கடனும் இருவர் பேரிலும் இருந்தால் ஆளுக்கு 2 லட்சம் கழிக்கலாம். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் 1,24,800 ரூபாய் மிச்சமாகும். ஆக, யாருக்கு வட்டி கழுத்தை நெரிக்கிறதோ அவருக்குக் குறைவாகவும், சமாளிக்கக் கூடியவருக்கு அதிகமாகவும் போய்ச் சேருகிறது அரசாங்கத்தின் பணம். வரியை வசூலித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாலும், வசூலிக்காமலே விட்டாலும் கஜானாவுக்குக் குறைவது ஒன்றுதான்.

இதைச் சொன்னால் என் அலுவலகத்துச் சென்னைக்காரர் ஒருவர் மடக்குவார். வளைகுடாச் சம்பளத்துக்கு இந்தியா ஒரு பைசா வரி கேட்பதில்லை, என்ஆர்ஈ டெபாசிட் வட்டிக்கும் வரி இல்லை, இதற்கு மேல் என்ன சலுகை வேண்டும் என்பார். நியாயமான கேள்வி. வருமான வரியில் சலுகை கேட்க அண்ணனுக்கு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சலுகைக்குச் சொல்லப்படும் காரணம், மக்கள் சொந்த வீடு கட்ட வேண்டும் என்பது. அந்த வீட்டுக்காக அண்ணன் அரசுக்கு எதுவும் கொடுக்கவில்லையா? 2023-க்கு முன் மனை வாங்கியதால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 11 சதவீதம் கட்டினார். சிமென்டுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி கொடுத்தார். 2025 செப்டம்பரில்தான் அது 18 ஆனது. இந்த வரிகள் யாருடைய சம்பளத்தையும் பார்த்துக் குறைவதில்லை.

மாடியை 8,000 ரூபாய் வாடகைக்கு விட்டபோது அவருக்கு இன்னொரு சட்டம் தெரியவந்தது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுப்பவர், முதல் ரூபாயிலிருந்தே 31.2 சதவீதம் டிடிஎஸ் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். மாதம் 2,496 ரூபாய். உள்ளூர் வீட்டுக்காரருக்கு என்றால், குடியிருக்கும் சாதாரணக் குடும்பம் வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிக்கும், அதுவும் இப்போது 2 சதவீதம்தான். வாடகை வருமானத்திலிருந்து மாடிப் பங்கு வட்டியைக் கழித்தால் அண்ணனுக்கு வரி எதுவும் வராது. பிடித்த பணம் முழுவதும் ரீஃபண்டாகக் கிடைத்துவிடும். அதுவரை அது அவர் அரசுக்குக் கொடுத்த வட்டியில்லாக் கடன். அந்த மாதங்களிலும் வங்கி அவரிடம் 9 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் இருக்கும். குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லி வருமான வரித் துறையிடம் முன்னதாகவே சான்றிதழ் வாங்கலாம். வாடகைக்கு விட்டிருக்கும் எல்லோரிடமும் இதைச் சொல்கிறேன்.

நாங்கள் வேலை பார்க்கும் நாட்டில் தனிநபர் வருமான வரி இல்லை. அதனால் துபாயில் கடன் போட்டு ஃபிளாட் வாங்குகிறவருக்கும் வட்டிச் சலுகை என்ற பேச்சே கிடையாது. பெயர் மாற்ற 4 சதவீதக் கட்டணம், அடமானத்தைப் பதிய கடன் தொகையில் கால் சதவீதம், அதன் மேல் முழு வட்டி. ஆனால் தன் குடிமக்கள் வீடு கட்ட இந்த நாடு நேராகவே கைகொடுக்கிறது. 1999-இல் தொடங்கிய ஷேக் சாயித் வீட்டுவசதித் திட்டம் எமிராத்திகளுக்குக் கடனும் மானியமும் தருகிறது. குவைத்தில் அரசுக் கடன் வங்கி குடிமக்களுக்கு 70,000 தினார் வரை வட்டியில்லாமல் கொடுக்கிறது. அங்கே உதவியின் அளவு வரி விகிதத்தோடு கட்டப்பட்டிருக்கவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அதில் இடமில்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் எடுத்துக்கொள்வது கொடுக்கும் முறையை மட்டும்.

இங்கிலாந்து 1983-இலேயே இன்னொரு வழி கண்டது. வட்டியிலேயே சலுகையைக் கழித்துக்கொண்டு வங்கி மீதியை மட்டும் வாங்கியது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கும் அது கிடைத்தது. பிறகு படிப்படியாகக் குறைத்து 2000 ஏப்ரலில் அடியோடு நிறுத்திவிட்டார்கள். இந்தியாவிலும் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் வட்டி மானியம் நேராகக் கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. ஏழைக் குடும்பத்துக்கு அது 2.67 லட்சம் வரை கிடைத்தது. எனக்குச் சரியாகப் படுவது இந்த வழிதான். முதல் வீட்டுக்கு, ஒரு வரம்பு வரையிலான கடனுக்கு, எல்லோருக்கும் ஒரே தொகை. அது வரி ரிட்டர்ன் வழியாகப் போகாமல் கடன் கணக்கில் விழ வேண்டும். கடன் என்ஆர்ஐ பேரில் இருந்தாலும் வீட்டில் அவர் மனைவியும் பிள்ளைகளும் பெற்றோரும் குடியிருந்தால் கொடுக்க வேண்டும்.

அதற்கு மாறாக, நம் அரசு பேசாமல் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. 2023-24 முதல் இயல்பான முறையாகிவிட்ட புதிய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு வட்டிக் கழிவே இல்லை. பழைய முறையில் பெரிய லாபம் வருகிறவர்கள் மட்டும் கணக்குப் பார்த்து அங்கேயே தங்கிக்கொள்ளலாம்.

இப்போது ஓமானும் வருமான வரி போட்டு அதில் கழிவு கொடுக்கும் பாதையில் கால் வைக்கிறது. 2028 ஜனவரி முதல், வருடத்துக்கு 42,000 ரியாலுக்கு மேல் வரும் வருமானத்துக்கு 5 சதவீத வரி. வளைகுடா நாடுகளில் இதுவே முதல் தனிநபர் வருமான வரி. கல்வி, மருத்துவம், சொந்தக் குடியிருப்பு போன்றவற்றுக்குக் கழிவு உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். மக்களில் ஏறக்குறைய 99 சதவீதத்தினரை இந்த வரி தொடாது என்றும் சொல்கிறார்கள். அப்படியென்றால் வீட்டுக்கான கழிவும் மிச்சமுள்ள ஒரு சதவீதத்துக்கு மட்டும்தான். அந்த உயர்ந்த சம்பளக்காரர் 6,000 ரியால் வட்டியைக் கழிக்க முடிந்தால் அவருக்கு 300 ரியால் மிச்சம். வரி தொடாத 99 சதவீதத்தில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு என்ன கொடுக்கப்போகிறோம் என்பதை ஓமான் 2028-க்குள் முடிவு செய்ய வேண்டும்.