முழுக்க விரியாத விசிறி

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண வைகைக் கரையில் காத்திருக்கும் கூட்டத்தில் கைவிசிறிகளுக்குப் பஞ்சமே இருக்காது. பனையோலை விசிறி, விளம்பரம் அச்சடித்த அட்டை விசிறி, பிள்ளைகள் கையில் காகித மடக்கு விசிறி என்று பல வகை. இவற்றில் மிக மெல்லிய பொருளால் ஆனது மடக்கு விசிறிதான். ஆனாலும் வீசும்போது அது அட்டைக்கு ஈடாக விறைத்து நிற்கிறது. எப்படி என்று கேட்டால் பலரும் மூங்கில் குச்சிகளைக் காட்டுவார்கள். குச்சிகளுக்குப் பங்குண்டு, ஆனால் தாளுக்குப் பலம் தருவது மடிப்பு. அந்த மடிப்பும் முழுக்க விரியாமல் இருக்கும் வரையில்தான் பலம்.

அதன் அமைப்பைப் பார்ப்போம். வில் வடிவில் வெட்டிய தாள், அதைத் தாங்கும் குச்சிகள், இரு ஓரத்திலும் சற்றுத் தடித்த காப்புக் குச்சிகள், எல்லாவற்றையும் அடியில் கோக்கும் ஓர் ஆணி. தாளில் மேடும் பள்ளமுமாக மடிப்புகள் மாறி மாறி வருகின்றன. ஒவ்வொரு மடிப்புக் கோட்டையும் கீழே நீட்டிப் பார்த்தால் அது ஆணியில் போய்ச் சேரும். நோட்டுத் தாளை இணைகோடுகளாக மடித்து அடியில் நூல் கட்டும் விசிறியில் இந்த ஒழுங்கு இல்லை. அதனால்தான் அதன் அடிப்பக்கம் கசங்கித் திரள்கிறது. குச்சியும் மடிப்பும் ஒரே புள்ளியைச் சுற்றிச் சுழன்றால்தான் தாள் எங்கும் இழுபடாமல், எத்தனை முறை மூடினாலும் அதே கோட்டில் மடியும். இன்னொன்றையும் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் காணலாம். குச்சிகள் ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால் விரிந்த விசிறி ஒரே தளத்தில் இல்லை. ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் படிப்படியாக ஏறுகிறது. அரை மில்லிமீட்டர் தடிமனில் 20 குச்சிகள் என்றால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஏற்றம். குச்சிகளை இயன்ற மட்டும் மெலிதாகச் சீவ இதுவும் ஒரு காரணம்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு விசிறியில் 24 பட்டைகள், ஒவ்வொன்றும் 7 பாகை என்று வைத்துக்கொள்வோம். தட்டையாக விரித்தால் 168 பாகை வரும். அதை 150 பாகையோடு நிறுத்தினால், பார்வைக்கு விசிறி முழுதாக விரிந்ததாகவே தெரியும். ஆனால் ஒவ்வொரு பட்டையும் ஏறத்தாழ 27 பாகை சாய்ந்து நிற்கும். ஆணியிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியுள்ள விளிம்பில், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலான ஆழம் கிடைக்கும். சாதாரணத் தாளின் தடிமனோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். தகட்டின் தடிமன் இரட்டித்தால் வளைவை எதிர்க்கும் திறன் எட்டு மடங்காகும் என்பது பொறியியலின் அடிப்படை விதி. தாளைத் தடிமனாக்காமலே, மடிப்பின் ஆழத்தால் அத்தகைய ஆதாயத்தைப் பெற்றுவிடுகிறோம். மீதி 18 பாகையையும் விரித்தால் பரப்பு கூடும், காற்றும் கூடாதா என்று கேட்கலாம். கூடாது. மடிப்பை இழந்த தாள் காற்றைத் தள்ளாமல் தானே பின்னால் வளைந்துகொடுக்கும்.

குச்சிதான் பலம் என்பவர்களுக்கு மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளிலேயே பதில் நிற்கிறது. பனையோலை குருத்திலிருக்கும்போதே மடிந்துதான் உருவாகிறது. விரிந்தபின் ஒரு மீட்டருக்கும் மேல் அகலமாகி, மட்டை ஒன்றையே பிடிப்பாகக் கொண்டு காற்றைத் தாங்குகிறது. அதிலும் குச்சி உண்டு, அதுதான் ஈர்க்கு. ஓலையை உரித்து ஈர்க்கைத் தனியே எடுத்துப் பாருங்கள், லேசாகத் தட்டினாலே வளைந்தாடும். மடிப்போடு சேர்ந்திருக்கும்போதுதான் அதற்கு அந்த நிமிர்வு. பாரம் வைத்து அழுத்தி, விளிம்பு கட்டிச் செய்த ஓலை விசிறியிலும் இந்த வரிகள் முற்றாக மறைவதில்லை. விரல் வைத்தால் தட்டுப்படும். பனையோலையில் இல்லாதது ஆணி மட்டுமே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானில் அந்த ஆணி சேர்ந்துவிட்டது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியே மடக்கு விசிறி ஐரோப்பாவுக்குப் போனது.

மடிப்பே இல்லாத அட்டை விசிறியும் நன்றாகத்தானே வீசுகிறது என்பது நியாயமான கேள்வி. வீசுகிறது, ஆனால் அந்த விறைப்பை அது தடிமனால் வாங்குகிறது. மடக்கிப் பையில் வைக்க முடியாது. சிறிதாக மடங்கவும் வேண்டும், விரிந்தால் விறைக்கவும் வேண்டும் என்ற இரட்டைத் தேவை விசிறிக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானின் கோரியோ மியூரா வகுத்த மடிப்பு முறையில் மடிந்த சூரியமின் பலகை 1995-இல் விண்வெளிக்குச் சென்றது அதே தேவைக்காகத்தான்.

இதைக் கற்பிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரு தாள், கோணமானி, கத்தரிக்கோல், ஆணிக்கு ஒரு குண்டூசி போதும். நம் பள்ளிகளின் அறிவியல், கணித ஆசிரியர்கள் கோடை விடுமுறைக்கு முன் ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்க வேண்டும். மாணவர்கள் விசிறியைத் தட்டையாக விரித்து ஒரு தடவை, பத்தில் ஒரு பங்கு குறைத்து ஒரு தடவை வீசட்டும். எதில் காற்று அதிகம் என்பதை அவர்களே சொல்லட்டும்.