பாற்குடிக் குழந்தையின் நிறை ஏறவில்லையா?

குழந்தை பிறந்த வீட்டிலே மகிழ்ச்சி குடிகொண்டிருப்பது இயல்பு. எனினும் அம்மகிழ்ச்சியை ஒரு நொடியிற் குலைத்துவிடும் வல்லமை கிளினிக்கிலுள்ள தராசுக்கு உண்டு. சென்ற முறை நின்ற இடத்திலிருந்து முள் சிறிதே நகர்ந்திருந்தால் தாயின் முகம் வாடிவிடுகின்றது. வீட்டுக்கு வந்ததும், "பிள்ளைக்குப் பால் காணாது போல" என்கிறார் மாமி. "அயல் வீட்டுப் பிள்ளை எவ்வளவு கொழுகொழுவென்று இருக்குது" என்கிறார் பெரியம்மா. இரண்டொரு நாளில் ஒரு பால்மாப் பேணி வீட்டுக்குள் வந்துவிடுகின்றது. அது வந்த பின்னர் தாய்ப்பால் மெல்ல மெல்லக் குறைந்து, ஈற்றில் மாமியின் வாக்கே மெய்யாகிவிடுகின்றது!

இதற்கு நேர்மாறான தவறும் நிகழ்வதுண்டு. உண்மையாகவே பால் போதாது மெலியும் குழந்தையை, "அமைதியான பிள்ளை, அழுவதே இல்லை" என்று மெச்சிக்கொண்டு வாரக்கணக்கிற் காலங்கடத்தும் குடும்பங்களும் உள. மெதுவாக வளரும் குழந்தை வேறு. பாலின்றி மெலியும் குழந்தை வேறு. முன்னதற்கு வேண்டுவது பொறுமை. பின்னதற்கோ பொறுமையே கேடாகும். இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம் என்பதை இங்கு ஆறுதலாக ஆராய்வோம்.

நிறை ஏறும் ஒழுங்கு

பிறந்த குழந்தை முதற் சில நாட்களில் நிறை குறைவது இயற்கை. பிறந்தபோதிருந்த நிறையில் நூற்றுக்கு 7 வரை குறையலாம். 10 பங்குக்கு மேற் குறையுமாயின் வைத்தியர் கட்டாயம் பார்த்தல் வேண்டும். இழந்த நிறையை இரண்டு வாரங்களுக்குள் குழந்தை மீட்டுக்கொள்ளும். அதன் பின்னர் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 முதல் 30 கிராம் வரை ஏறும். மூன்று மாதத்தின் பின் இவ்வேகம் தணிந்துவிடும். நாலாம் ஆறாம் மாதங்களுக்கிடையில் பிறந்த நிறை இருமடங்காகும். ஓராண்டு நிறைவில் ஏறக்குறைய மும்மடங்காகும்.

ஓர் உதாரணங் காண்போம். மூன்று கிலோவுடன் பிறந்த குழந்தை நாலாம் நாள் 2 கிலோ 800 கிராமுக்கு இறங்கி, பன்னிரண்டாம் நாள் மீண்டும் மூன்று கிலோவை அடைந்தது என வைத்துக்கொள்வோம். நாளுக்கு 25 கிராம் வீதம் ஏறினால் ஆறு வார முடிவில் அது 3 கிலோ 750 கிராம் இருக்கும். "ஆறு வாரத்தில் முக்காற் கிலோதானா!" என்று தாய் ஏங்குவாள். ஆனால் இறங்கிய இடத்திலிருந்து கணக்கிட்டால் குழந்தை ஏறியது 950 கிராம் அன்றோ? கணக்கைத் தொடங்கும் இடம் பிழைத்தால் நலமுள்ள குழந்தையும் நோஞ்சானாகத் தோன்றும்.

மேலும், ஒரு முறை பால் குடிப்பதாலும் ஒரு முறை சிறுநீர் கழிப்பதாலுமே தராசின் முள் இடம் மாறக்கூடும். ஆதலால் தினந்தோறும் நிறுத்துப் பார்த்து மனங்கலங்குவதிற் பயனில்லை. இயன்றவரை ஒரே தராசில், உடுப்பின்றி நிறுத்து, பல நிறுவைகளைச் சேர்த்து நோக்குதலே முறை. ஒரு புள்ளி கதை சொல்லாது. புள்ளிகளை இணைக்கும் கோடே கதை சொல்லும்.

அளவுகோல் பிழைத்த கதை

உலகெங்கும் தாய்மாரைப் பல்லாண்டுகளாகக் கலங்கவைத்த ஒரு செய்தியை வாசகர்கள் அறிதல் நன்று. 1977 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட வளர்ச்சி அட்டவணையையே உலக சுகாதார நிறுவனமும் பல நாடுகளுக்கு வழங்கியது. அதிற் கைக்குழந்தைகளுக்குரிய பகுதி, ஒகையோ மாநிலத்து யெலோ ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரிலும் அதன் அயலிலும் 1929 முதல் அளவெடுக்கப்பட்ட குழந்தைகளைக் கொண்டு வரையப்பட்டது. அக்குழந்தைகளிற் பெரும்பாலோர் புட்டிப்பாலில் வளர்ந்தவர்கள்.

தாய்ப்பாற் குழந்தையின் வளர்ச்சிக் கோடு வேறு விதமானது. முதல் இரண்டு மூன்று மாதங்களில் அது விரைந்து ஏறும். அதன் பின்னர் புட்டிப்பாற் குழந்தையைவிட மெதுவாகவே ஏறும். இவ்வாறு இயல்பாக வேகந் தணிந்த குழந்தையைப் பழைய அட்டவணையில் வைத்து, "பிள்ளை பின்தங்கிவிட்டது" என்று கருதினர். தாய்ப்பாலை விட்டுப் பால்மாவை நாடியோர் பலர்.

இக்குறையைப் போக்குவதற்காக 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8,500 குழந்தைகளை ஆராய்ந்து, 2006 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் புதிய அளவுகோலை வெளியிட்டது. இதில் தாய்ப்பாற் குழந்தையே மாதிரி. நம் நாட்டிற் கிளினிக்குகளில் வழங்கப்படும் பிள்ளையின் பதிவேட்டிலுள்ள கோடுகளும் இவ்வளவுகோலைத் தழுவியவையே. நடுக்கோட்டுக்குக் கீழே இருப்பது குற்றமன்று. தன் கோட்டை ஒட்டியே ஏறும் சிறிய குழந்தை நலமுள்ள குழந்தை. தன் கோட்டைவிட்டுக் கீழ்நோக்கிச் சரியும் குழந்தையே கவனிக்க வேண்டியது.

தராசல்லாத சாட்சிகள்

பால் போதுகின்றதா என்பதை வீட்டிலேயே அறியலாம். ஐந்தாம் நாளின் பின்னர் குழந்தை நாளுக்கு ஆறு முறையேனும் வெளிறிய சிறுநீர் கழித்தல் வேண்டும். முதல் மாதத்தில் நாளுக்கு மூன்று நான்கு முறை மஞ்சளாக மலங்கழிப்பது வழக்கம். பால் குடிக்கையில் விழுங்கும் ஒலி கேட்கும். குடித்து முடித்ததும் இறுகிய கைகள் தளரும். விழித்திருக்கையிற் கண்களில் தெளிவு இருக்கும்.

மாலையிற் குழந்தை சிணுங்குவதும், சில வாரங்களின் பின் மார்பு மென்மையாவதும், பால் குறைந்தமைக்குச் சான்றாகா. ஆனால் பாலுக்கு எழாமல் எந்நேரமும் உறங்கும் குழந்தையைக் கண்டு மகிழ்தல் ஆகாது. பசியால் வலுவிழந்த குழந்தைக்கு அழவும் சக்தி இராது.

காரணமும் பரிகாரமும்

பால் எடுக்க எடுக்கச் சுரப்பது, எடுக்காதுவிடின் குறைவது. நிறை ஏறாமைக்கான காரணங்களிற் பெரும்பாலானவை இவ்விதிக்குள் அடங்கும். குழந்தை காம்பை மாத்திரம் பற்றிக் குடித்தால் பால் சரியாக வெளிவராது. தாய்க்கும் காம்பு புண்ணாகும். வாயை அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, நாடி மார்பைத் தொடும்படி பற்றவைத்தல் வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துப் பாலூட்டுவதும், இரவிற் பாலை நிறுத்துவதும், இடையிடையே தண்ணீர் பருக்குவதும், சூப்பியைக் கொடுத்து ஏமாற்றுவதும் சுரப்பைக் குறைக்கும். நாளொன்றுக்கு எட்டு முதற் பன்னிரண்டு முறை ஊட்டுதல் நன்று. ஒரு பக்கத்தை நன்கு குடித்து முடித்த பின்னரே மறுபக்கத்தைக் கொடுக்கவேண்டும். மார்பு வெறுமையாக வெறுமையாகப் பாலிற் கொழுப்பு மிகும்.

முருங்கையிலையும் பாற்சுறாவும் தாய்க்கு நல்லுணவே. ஆயினும் குழந்தை குடித்தெடுக்காத பாலை எந்தப் பத்தியக் கறியும் பெருக்கித் தராது. பத்தியமென்று தாயை அரை வயிற்றுடன் வைப்பதோ, தண்ணீர் குடிக்க விடாது தடுப்பதோ தகாத செயலாகும்.

சில வேளைகளில் காரணம் வேறாகவும் இருக்கலாம். நாக்கின் கீழ்ச்சவ்வு இறுகியிருத்தல், இருதயக் கோளாறு, சிறுநீர்த் தொற்று முதலியன குழந்தையிடத்தும், தைரொயிட் குறைபாடு, பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு, நஞ்சுக்கொடியின் பகுதி தங்கியிருத்தல், சிலவகைக் கருத்தடை மாத்திரைகள் ஆகியன தாயிடத்தும் காரணமாகக்கூடும். இவற்றை வைத்தியரே கண்டறிதல் கூடும்.

இரண்டு வாரமாகியும் பிறந்த நிறையை மீட்காத குழந்தையையும், முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 கிராமேனும் ஏறாத குழந்தையையும் தாமதியாது மருத்துவ மாதுவிடமோ வைத்தியரிடமோ காட்டுக. சிறுநீர் குறைதல், உச்சிக்குழி உள்வாங்கல், காய்ச்சல், மஞ்சள் நிறம் மிகுதல், பாலுக்கு எழாத சோர்வு ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் அன்றே வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுக.

மேலதிக பால் வேண்டுமென வைத்தியர் சொன்னால் தாய் வெட்கப்படவேண்டியதில்லை. முதலிற் பசி தீரவேண்டும். கறந்த தாய்ப்பாலைக் கோப்பையால் ஊட்டலாம். அது போதாவிடின் பால்மாவைச் சொல்லப்பட்ட அளவிற் குறையாமற் கரைத்துக் கொடுக்கலாம். அதேவேளை மார்பிலே பாலூட்டுவதையும் பால் கறப்பதையும் நிறுத்தாதிருந்தால் சுரப்பு மீளவும் பெருக வாய்ப்புண்டு.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

மனக்கலக்கம் பால் இறங்குவதைத் தற்காலிகமாகத் தடுக்கும். ஆகவே "பால் காணாது" என்னும் சொல்லைச் சொல்லுமுன், தாய் இன்று வயிறார உண்டாளா, இரண்டு மணி நேரமாவது தொடர்ந்து உறங்கினாளா என்று கேட்பது நலம். கணவர் உடுப்புத் தோய்க்கட்டும். மாமி சமையலைப் பார்க்கட்டும். தாய் குழந்தையை மார்போடணைத்துக் கிடக்கட்டும். அயல் வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதலை விடுத்து, நம் பிள்ளையின் பதிவேட்டை நாமே விரித்து அதன் கோட்டைப் பார்ப்போம். கோடு ஏறுமாயின் நிம்மதியாயிருப்போம். சரியுமாயின் அன்றே எழுந்து செல்வோம்.