சத்தம் கேட்டுத் திரும்பியவர் சாட்சியா?

விபத்து வழக்கில் மாட்டிக்கொண்ட ஓட்டுநருக்கு ஜே.எம். (ஜுடிஷியல் மாஜிஸ்திரேட்) கோர்ட் வாசலில் இலவசமாகக் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடுப்பா." உயிரிழப்பு இல்லை, லேசான காயம்தான் என்றால் தொகையும் பெரிதாக இருக்காது. பாரதிய நியாய சம்ஹிதாவின் 281-வது பிரிவில் அபராதம் 1,000 ரூபாய் வரைதான். ஆனால் அடிபட்டவர் நாளை இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது, அந்த ஒப்புதலைத்தான் அவருடைய வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவார். தப்பு தன்மேல் இல்லை என்று நம்புகிறவர் வழக்கை நடத்திப் பார்ப்பதே நல்லது.

நடத்துவதென்றால் சாட்சிகளின் வாக்குமூலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். விசாரணையின்போது போலீஸார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தை வக்கீல்கள் இன்னும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து '161 ஸ்டேட்மென்ட்' என்றுதான் சொல்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 180-வது பிரிவு. அதில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது என்கிறது அடுத்த பிரிவு. அந்தத் தாளை வைத்து அரசுத் தரப்பு எதையும் நிரூபிக்க முடியாது. சாட்சி கூண்டில் மாற்றிப் பேசினால் "அன்றைக்கு வேறு மாதிரி சொன்னீர்களே" என்று மடக்கத்தான் அது பயன்படும். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் கருவி அது.

அதன் நகல் ஓட்டுநருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். அவர் கோர்ட்டில் ஆஜரான 14 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. கையில் வந்ததும் பார்வை மகஜர், ஸ்பாட் வரைபடம், 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று ஊர் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். எல்லா வாக்குமூலத்திலும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வரி அச்சடித்ததுபோல இருக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். அதிவேகம் என்று மட்டும் சொன்னால் அஜாக்கிரதை நிரூபணமாகிவிடாது என்று கர்நாடகத்து லாரி வழக்கு ஒன்றில் 1998-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நல்ல வக்கீல் வேகத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டார். டீக்கடைச் சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கடை ரோட்டைப் பார்த்து இருக்கா, சந்தைப் பார்த்தா?"

"சந்தைப் பார்த்துதாங்க."

"அப்போ நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"டீ ஆத்திக்கிட்டு இருந்தேன்."

"சத்தம் கேட்டுத்தானே திரும்பினீங்க?"

"ஆமாங்க, டமால்னு கேட்டுச்சு, திரும்பிப் பார்த்தேன்."

இதற்கு மேல் ஒரு கேள்வியும் தேவையில்லை. மோதிய பிறகு பார்த்தவர், மோதியது எப்படி என்று சொல்ல முடியாது.

எல்லாச் சாட்சியும் இவ்வளவு சுலபத்தில் வழிக்கு வருவதில்லை. ஸ்டேஷனில் சொல்லாததைக் கூண்டில் புதிதாகச் சொன்னாலோ, அங்கே சொன்னதை இங்கே மறுத்தாலோ, வாக்குமூலத்தின் அந்தக் குறிப்பிட்ட பகுதியைச் சாட்சிக்குச் சுட்டிக்காட்டிக் கேட்க வேண்டும். அவர் மறுத்தால், எழுதிய விசாரணை அதிகாரி கூண்டேறும்போது அவரிடமும் அதையே கேட்க வேண்டும். இந்த இரண்டாவது படியை விட்டுவிட்டு, கடைசி வாதத்தில் முரண்பாடு முரண்பாடு என்று குரல் உயர்த்துவதில் பயனில்லை.

நம் பக்கம் பார்த்தவர் இருந்தால்? அவரிடம் நோட்டரி முத்திரையோடு கடிதம் வாங்கி வைப்பது வீண்செலவு. அவரே வந்து கூண்டேறி, குறுக்கு விசாரணையையும் தாங்க வேண்டும். வண்டியில் கூட வந்த மச்சானும் சாட்சி சொல்லலாம். சொந்தக்காரர் என்பதற்காகவே கோர்ட் ஒதுக்கிவிடாது, கொஞ்சம் கூடுதலாக உரசிப் பார்க்கும். அடிபட்டவரைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றிய வழிப்போக்கரைச் சாட்சியாக வரும்படி போலீஸார் கட்டாயப்படுத்த முடியாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவின்கீழ் வந்த விதிகள் அவருக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகின்றன. அவராக மனம் வைத்து வந்தால்தான் உண்டு. எதிர்க்கடை கேமராவுக்கு மனம் மாறாதுதான், ஆனால் பழைய பதிவு சில நாளிலேயே அழிந்துவிடும். அதைக் கேட்டு வாங்கும்போது, கோர்ட்டுக்குத் தேவையான மின்னணுச் சான்றிதழையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

கிரிமினல் கோர்ட்டில் விடுதலையாகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பு இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டாம், யார் பக்கம் தட்டு தாழ்கிறது என்று பார்த்தாலே போதும். ஜே.எம். கோர்ட்டில் ஓட்டுநர் கூண்டேறாமலேயே இருந்துவிடலாம். தீர்ப்பாயத்தில் அவர் வந்து நடந்ததைச் சொல்லாவிட்டால், அதையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள இடமுண்டு.