சமநிலை ஓய்வன்று

வட்டவளைத் தோட்டங்களிற் கொழுந்து நிறுக்கும் தராசைக் கண்டு வளரும் மாணவர்க்குச் 'சமநிலை' எனும் கலைச்சொல் அசைவற்ற முள்ளையே நினைவூட்டும். சொல்லின் குறையை மாணவரின் மந்தபுத்தியெனக் கொள்ளும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. இரசாயனச் சமநிலையில் எதுவும் ஓய்வதில்லை. முன்முகத் தாக்கமும் பின்முகத் தாக்கமும் ஒரே வேகத்தில் நிகழ்வதாலேயே செறிவுகள் மாறாதிருக்கின்றன.

லயத்துச் சாயத்தேநீரையே நோக்குவோம். அதற்குச் செம்பழுப்பு நிறந்தரும் தியாரூபிகின்கள் மென்னமிலங்கள். அவை அயன்களாகப் பிரிவதும் அயன்கள் மீளக்கூடுவதும் இடையறாது நிகழ்கின்றன. அயன்களின் நிறம் அடர்ந்தது. பிரியாத மூலக்கூறுகளினது வெளிறியது. எலுமிச்சஞ்சாறு பிழிந்தால் ஐதரசன் அயன்கள் பெருகும், மீளக்கூடல் விரைவுறும், நிறம் வெளிறிப் புதிய சமநிலை தோன்றும். நேர்ந்த மாற்றத்தைக் குறைக்கும் திசையிலேயே தொகுதி நகருமென்று 1884இல் லெ சற்றலியே கூறியது இதனையே. நிறம் அழிந்துவிடவுமில்லை: சிறிது அப்பச்சோடா இட்டால் அத்தேநீர் மீண்டும் கறுக்கும்.